மூணாவது இதழ்

ராசிபுரம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெள்ளையடிக்கறதுக்காகப் பரணைக் காலி பண்ணினப்ப, அம்மாவோட தகரப் பெட்டியில நம்ம இதழ்கள் கிடைச்சுது. ஒண்ணு, ரெண்டு, நாலு, அஞ்சு. தாள் பழுத்து ஓரமெல்லாம் உதிருது. மை மட்டும் அப்படியே இருக்கு. அடுப்புல உலை கொதிக்கறதுகூடத் தெரியாம உக்காந்து படிச்சேன்.

1986ல 'ஹவ் டு நேம் இட்' கேசட் வந்தப்ப சேலத்துக்குப் போய் வாங்கிட்டு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாக்குக்கும் இளையராஜா சமர்ப்பணம் பண்ணியிருந்த கேசட். அதுல வயலின் வாசிச்சது வி.எஸ். நரசிம்மன்னு தெரிஞ்சதும் நீங்க கேட்டீங்க: "அன்னக்கிளி வந்து பத்து வருசம் ஆச்சு. இத்தனை பாட்டுல வாசிச்சவங்க பேரெல்லாம் எங்க பாப்பா போச்சு?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதழ் ஆரம்பிச்சோம். படத்து டைட்டில்ல இசைன்னு ஒரே பேர். கேசட் அட்டையில பாடினவங்க, எழுதினவங்க. பேஸ் கிட்டார் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல், டிரம்ஸ் புருஷோத்தமன்னு யார் நமக்குச் சொன்னாங்க? ஒவ்வொரு பேரையும் கடுதாசி போட்டு, ஆளைப் பிடிச்சு விசாரிச்சுச் சேர்த்தீங்க. ராத்திரி ஒரு ஸ்பீக்கர் வயரைக் கழட்டிட்டு, மறுபக்கத்துல வர்றதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பீங்க. பாட்டுக்கு அடியில பேஸ் தனியா நடந்து போறதை அப்படித்தான் நான் முதல்ல கேட்டேன். இன்னைக்கும் எந்தப் பாட்டு கேட்டாலும் என் காது முதல்ல அங்கதான் போகுது.

டைப் அடிக்கற வேலை என்னோடது. தமிழ் ஹையர் பாஸ் பண்ணின கையாச்சே! மெஷின்ல ரிப்பன் படாம ஸ்டென்சில்ல எழுத்து வெட்டணும். கொஞ்சம் ஓங்கித் தட்டினா 'ண'வோட சுழி அறுந்து விழுந்துடும், தாள்ல கறுப்புப் பொட்டா வரும். நாலாவது இதழ்ல இப்பவும் எண்ணினேன், முதல் பக்கத்துலயே பதினோரு பொட்டு. நீங்க சைக்ளோஸ்டைல் கைப்பிடியைச் சுத்த, நான் ஒவ்வொரு தாளா உருவிக் கயித்துக் கட்டில்ல பரப்புவேன். மொத்தம் நூறு பிரதி, ஒரு ரூபா. லாரி ஓட்டற மாமா இருபது பிரதியை பம்பாய்க்கே கொண்டு போனாரே!

இதழ்களைப் பார்த்துட்டு மக ஒரு விசயம் சொன்னா. அன்னக்கிளி வந்த அதே 1976ல, லண்டன்ல மார்க் பெர்ரின்னு ஒரு பேங்க் கிளார்க், தனக்குப் பிடிச்ச பங்க் பாட்டுக்காரங்களைப் பத்தித் தானே டைப் அடிச்சு, நகல் எடுத்து 'ஸ்னிஃபின் க்ளூ'ன்னு ஒரு இதழ் போட்டாராம். நமக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க எப்பவும் 'நடை'யைத்தான் சொல்லுவீங்க. 1968ல நம்ம சேலத்துல இருந்து அப்படி ஒரு இலக்கிய இதழ் வந்திருக்கு, கவிஞர் சி. மணி எழுதியிருக்கார், நம்மால பாட்டுக்கு ஒண்ணு போட முடியாதான்னு.

மூணாவது இதழ் பெட்டியில ஏன் இல்லைன்னு எனக்குத் தெரியும். சுதாகர் வாசிச்ச புல்லாங்குழலை நெப்போலியன் வாசிச்சதா அடிச்சுட்டோம். ஒரு நாதஸ்வரக்காரர் கார்டு போட்டுச் சொன்னார். அன்னைக்கு நீங்க சாப்பிடலை. அடுத்த இதழ்ல திருத்தம் போட்டுக்கலாம்னு நான் சொன்னதையும் கேட்கலை. ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் பேருக்கு எழுதிட்டோமேன்னு சொல்லி, மறுநாளே பஸ் ஏறி சேலம், திருச்செங்கோடு, நாமக்கல்னு அலைஞ்சு, கிடைச்ச பிரதியிலெல்லாம் பேரை அடிச்சுட்டு நீல மையில 'சுதாகர்'னு எழுதிட்டு வந்தீங்க. வீட்டுல வெச்சிருந்ததையும் திருத்தி, தப்பு பிரதி வாங்கினவங்களுக்கே கொடுத்துட்டீங்க.

அதுல ஒண்ணாவது உங்ககிட்ட இருக்கா அண்ணா? அண்ணியைப் பீரோ மேல கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்க. தபால்ல அனுப்ப வேண்டாம், தொலைஞ்சுடும். ஆடிப் பதினெட்டுக்கு வர்றப்ப கையோட எடுத்துட்டு வாங்க.

உங்கள் அன்புத் தங்கை