மூங்கிலுக்குள் தேரை

கல்லினுள் தேரைக்கும் இறைவன் படியளப்பான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பாறைக்குள் அடைபட்ட உயிர் எப்படி மூச்சுவிடும் என்று வகுப்பில் எவரேனும் வினவினால், உயர்வுநவிற்சி என்று சொல்லித் தப்பித்துக்கொள்வோம். கல் கிடக்கட்டும், மூங்கிலுக்குள் குடித்தனம் நடத்தும் தவளை ஒன்று நம் நெல்லைச் சீமையிலேயே, களக்காடு முண்டந்துறைக் காடுகளில் உண்டு.

ராவோர்கெஸ்டிஸ் சலசோடெஸ் என்பது விலங்கியலார் வழங்கும் பெயர். நுணல், தேரை, மண்டூகம் என்று அடுக்கிப் பழகிய நம் நாவில் அது எளிதில் அமர மறுக்கிறது. 1876இல் குந்தர் என்னும் அறிஞர் இதனை விவரித்தார். அதன்பின் நூற்றாண்டுக்கும் மேலாக எவர் கண்ணிலும் பட்டதாகப் பதிவில்லை. மீண்டும் கண்டறியப்பட்ட செய்தி 2011இல்தான் வெளிவந்தது. இரண்டரை செண்டிமீட்டர் அளவேயுள்ள பச்சை மேனி, நீலம் பாய்ந்த தொடைகள், கரிய கண்ணில் பொன் திட்டுகள். அழிவின் விளிம்பில் உள்ளவை என்னும் பட்டியலில் 2004இல் சேர்க்கப்பட்ட உயிர் இது.

நம்மை வியக்கவைத்தது அதன் இல்லறம். நாணல் போன்ற மெல்லிய மூங்கிலின் கணுக்களுக்கிடையே உள்ள சிறு பிளவின் வழியே உடலை நெளித்து நுழைகிறது. உள்ளே ஐந்து முதல் எட்டு முட்டைகள். தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளைதான். காவலிருப்பது தந்தை! சேஷாத்ரி முதலிய ஆய்வாளர்கள் 2014இல் இதனை வெளியிட்டனர். மூங்கிலை வெட்டினால் தந்தையும் முட்டைகளும் சேர்ந்தே போகும்.

இவ்விடத்தில் நம் கதையையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி முத்தமிழ் விழாவிற்கு மூங்கில் வளைவு அமைத்தோம். வாங்கிவரச் சொன்னவர் நாமே. எந்த மலையில் வெட்டியது என்று வியாபாரியிடம் கேட்கத் தோன்றவில்லை. அன்று தலைக்குள் இருந்ததெல்லாம் பட்டிமன்றத் தலைப்புதான்.

ஆய்வுச் செய்தியைப் படித்த மறுநாள் கிடங்கைத் திறக்கச் சொன்னோம். வளைவில் மிஞ்சிய துண்டுகள் உடைந்த மேசைகளின் பின்னால் கிடந்தன. கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொரு கணுவிடையாகப் பார்த்தோம். காவலர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒன்றில் விரல் நுனியளவு பிளவு இருந்தது. உள்ளே தூசிதான்.

இவ்வாண்டு வாயிலில் வாழை கட்டினோம். ஏன் என்று எவரும் கேட்கவில்லை.