ஏழு தரம் போன பெடியன்

குறும்படம் எடுப்பம் என்று முடிவெடுத்தபோது எங்கள் ஐந்து பேரிடமும் இருந்தது ஒரு போன், இரவல் வாங்கின ஒரு ட்ரைபொட், இரண்டு பக்கக் கதை. வெளிநாடு போகிற பேரனை அம்மம்மா படலையடியில் நின்று வழியனுப்புகிறா. அவ்வளவுதான். ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம்.

முதல் நாள் எடுத்ததை லப்டொப்பில் போட்டுப் பார்க்கத்தான் விளங்கியது. தூர ஷொட்டில் வலது தோளில் கிடந்த பை, குளோஸ் அப்பில் இடது தோளுக்கு மாறியிருந்தது. முற்றத்து நிழல் ஒரே வெட்டில் கிணத்தடிக்குப் போயிருந்தது. அடுத்த நாள் ஒருத்தி சி.ஆர். கொப்பியும் கையுமாக நின்றாள்: எந்தத் தோள், எந்தக் கை, கோப்பையில் எவ்வளவு தேத்தண்ணி. கதிரையால் எழும்புகிற அசைவின் நடுவில் வெட்டினால் வெட்டே தெரியாது என்பதையும் பிழைவிட்டுத்தான் பழகினோம்.

180 பாகை விதிக்கு மண்ணிலேயே தடியால் கோடு கீறினோம். இரண்டு பேருக்கும் நடுவில் போகிற கோடு அது. கமெரா அதற்கு ஒரு பக்கத்தில்தான் நிற்கவேணும். தாண்டினால், ஒருவரை ஒருவர் பார்க்கிற இரண்டு பேரும் திரையில் ஒரே திசையைப் பார்க்கிற மாதிரி வரும்.

நடித்தது எங்கள் தோழியின் சொந்த அம்மம்மா. ஏழாவது டேக்கில், நாங்கள் சொல்லாமலே அவ அழுதா. போன் வைத்திருந்தவன் முகத்தைப் பிடிக்கிற அவதியில் கோட்டைத் தாண்டிவிட்டான். "இன்னொருக்கா எடுப்பமா அம்மம்மா?" என்று கேட்டோம்.

"என்ர மோன் ஒருக்காத்தான் போனவன். நீங்கள் இந்தப் பெடியனை ஏழு தரம் அனுப்பிப்போட்டியள்" என்றா. எட்டாந்தரமும் நின்றா. கோடு சரி, கை சரி, பை சரி. முகத்தில் ஒன்றும் இல்லை.

எடிட்டிங்கில் இரண்டு நாள் சண்டை. 'அபொகலிப்ஸ் நவ்' படத்தின் எடிட்டர்களில் ஒருவரான வோல்டர் மேர்ச், ஒரு வெட்டுக்கு முக்கியமான ஆறு விடயங்களை வரிசைப்படுத்திப் புள்ளியும் போட்டிருக்கிறார். உணர்ச்சிக்கு 51 வீதம். ஆட்கள் நிற்கிற இடத்தின் தொடர்ச்சிக்குக் கடைசி இடம், வெறும் 4 வீதம். எதையாவது விடவேண்டி வந்தால் கீழேயிருந்து விடு என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் ஏழாவது டேக் வென்றது.

ஆனால் அந்த 51 வீதம் நாங்கள் எழுதினதில்லை. அவவின் மகனுக்காக வந்த அழுகை அது. அதைப் பிழையான டேக் என்று சொல்லித்தான் திரும்ப நிற்கச் சொன்னோம். கொப்பியில் கோப்பைத் தேத்தண்ணியைக்கூடக் குறித்த எங்களுக்கு, அவ ஏன் அழுதா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆருக்கும் காட்ட முதல் லப்டொப்பைக் கொண்டுபோய் அவவிடம் போட்டுக் காட்டி, இதை வைக்கலாமா என்று கேட்டோம். திசை மாறினது அவவுக்குத் தெரியவேயில்லை. "வையுங்கோ" என்றா. பிறகு கேட்டா:

"அந்தப் பெடியன் ஏன் பிள்ளையள் ஒருக்காலும் திரும்பிப் பாக்கேல்ல?"

எட்டுத் தரம் எடுத்தும், அப்படி ஒரு ஷொட் எங்களிடம் இருக்கவில்லை.