வழிமாறிய வணக்கம்

மணிரத்னம் இயக்கிய ‘தில் சே’ என்னும் இந்திப் படம் 1998ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வெளிவந்தது. தமிழில் அதுவே ‘உயிரே’ ஆயிற்று. கால் நூற்றாண்டு கடந்த பின்னும் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த அதன் பாடல்கள் நம் செவிகளில் விழுந்துகொண்டேயிருக்கின்றன. கடலூரில் என்னிடம் அரபு பயிலும் இளைஞர்கள் அப்படத்தைப் பற்றி ஒரு வினா எழுப்புவதுண்டு. “ஒரு பெண்ணைப் பற்றிய இந்திப் பாட்டில் ‘ஜன்னத்’தும் ‘ஆயத்’தும் வருகின்றனவே! அந்தக் காதலுக்கு ஏழு படிகள் என்கிறார்கள். ஐந்தாம் படி ‘இபாதத்’தாம். இது தகுமா?” என்பதே அவ்வினா.

தகாது என்று ஒரே சொல்லில் விடையிறுத்துவிடலாம். விடை பிழையாகாது, ஆனால் கேட்டவர் உள்ளத்தில் கேள்வி அப்படியே தங்கிவிடும். ஆதலால், அச்சொற்கள் எங்கே பிறந்தன, எவ்வழியே வந்தன என்பதைச் சற்றே ஆராய்வோம்.

நீலகிரி மலை இரயிலின் கூரைமீது ஆடிப்பாடும் அந்தப் புகழ்பெற்ற பாடலுக்கு வேர், பஞ்சாபின் ஸூஃபிக் கவிஞர் புல்லே ஷா (1680–1757) பாடிய பாடல். தம் ஞானகுருவான ஷா இனாயத் அவர்களின் மனத்தாங்கலுக்கு ஆளான அவர், ஆடற்கலை கற்று வந்து, குருவின் முன் ஆடிப்பாடி மன்னிப்புப் பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. குருவை நோக்கியும் குருவின் வழியே இறைவனை நோக்கியும் எழுந்த அந்தக் கூக்குரலைக் கவிஞர் குல்ஸார் திரைக்காகப் புதிதாக்கி எழுதினார். இறைவனைத் தேடிச் சென்ற சொல் ஒரு பெண்ணைத் தேடும் சொல்லாயிற்று.

காதலின் மொழியால் கடவுளைப் பாடுவது நம் மண்ணுக்குப் புதிதன்று. தில்லை எனப்படும் சிதம்பரத்து இறைவன்மீது மாணிக்கவாசகர் பாடிய திருக்கோவையாரின் நானூறு பாடல்களும் தலைவன் தலைவியரின் காதலையே பேசுகின்றன. கல்லோடு பிணித்துக் கடலில் எறியப்பட்டும் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறியதாகச் சைவ மரபு போற்றும் திருநாவுக்கரசர், ஆரூர் இறைவன்மீது பாடிய பாடலொன்றில், தலைவன் பெயரை முதலில் கேட்டு, பின் அவன் இயல்பையும் ஊரையும் கேட்டு, பெற்றோரையும் விட்டுத் தன்னையே மறந்த ஒரு பெண்ணைக் காட்டுகிறார். நம் குணங்குடி மஸ்தான் சாகிபு (மறைவு 1838) இறைவனையே ‘மனோன்மணி’ என அழைத்து உருகினார். வேட்கையில் தொடங்கிச் சாக்காட்டில் முடியும் காதல் நிலைகளைத் தொல்காப்பியர் களவியலிலேயே வரிசைப்படுத்திவிட்டார். ஏழு படிகளைக் கேட்டுத் தமிழன் வியக்க வேண்டியதில்லை.

அரபு நூல்களிலும் இத்தகைய வரிசைகள் உண்டு. தமஸ்கஸ் அறிஞர் இப்னுல் கய்யிம் (மறைவு 1350) ‘மதாரிஜுஸ் ஸாலிகீன்’ என்னும் நூலில் அன்புக்குப் பத்துப் படிகள் வகுத்தார். அவற்றுள் ஒன்பதாவது ‘தஅப்புத்’, அதாவது அடிமையாதல். அடியானின் அகமும் புறமும் தன்னுடையதாக இராமல் அன்புக்குரியவனின் உடைமையாகிவிடும் நிலை அது. அந்நிலை படைத்தவனுக்கே உரியது. இறைவனை நேசிப்பதுபோல் பிறவற்றை நேசிப்போரைத் திருமறையின் பகரா அத்தியாயம் (2:165) கண்டிக்கிறது. நம்பிக்கையாளர் இறைவனை நேசிப்பதில் மிக உறுதியானவர் என்றும் சொல்கிறது. அன்பு கொள்ளாதே என்று மறை சொல்லவில்லை. அன்பின் உச்சியில் யாரை அமர்த்துகிறாய் என்று கேட்கிறது.

இக்கேள்வியோடு படத்தின் கதையை நோக்குக. அமர், வானொலி நிலையத்தில் பணிபுரிபவன். மழையிரவில் இரயில் நிலையமொன்றில் கண்ட மேக்னா என்னும் பெண்ணின்மீது பித்தாகிறான். அவள் மறுக்கிறாள், தனக்கு மணமாகிவிட்டது என்றும் சொல்லிப் பார்க்கிறாள். அவன் விடுவதாயில்லை. அவளோ, இளமையில் இராணுவத்தாரால் தனக்கும் தன் ஊருக்கும் நேர்ந்த கொடுமையால் தீவிரவாதக் குழுவொன்றில் சேர்ந்து, டெல்லிக் குடியரசு நாள் விழாவில் வெடித்துச் சாகத் தன்னையே நேர்ந்துகொண்டவள். அவன் ஒரு பெண்ணை வணங்குகிறான். அவள் தன் வஞ்சினத்தை வணங்குகிறாள். முடிவில் அவன் அவளைத் தழுவ, வெடிகுண்டு வெடித்து இருவரும் மடிகின்றனர். இறைவனுக்குரிய இடத்தில் வேறொன்றை அமர்த்தியோர் அடைந்த கதியை, படம் எடுத்தவர் கருதினாலும் கருதாவிட்டாலும், அந்த இறுதிக் காட்சி சொல்லிவிடுகிறது.

தகாத விருப்பத்தைத் திருமறை மறைத்துவைக்கவில்லை. யூசுஃப் அத்தியாயத்தில் அஜீஸின் மனைவி கதவுகளைத் தாழிட்டு அழைக்கிறார். அவருடைய நெஞ்சின் உறையையே காதல் துளைத்தது என்னும் பொருளில் ‘ஷகஃப்’ என்ற வேர்ச்சொல்லை மறை ஆள்கிறது. அழகும் இளமையும் வாய்த்த நபி யூசுஃப் (அலை) அவர்களோ அந்த இச்சையைவிடச் சிறையை விரும்பினார்கள். ஆண்டுகள் கழிந்து, அப்பெண்மணி அரசவையில் உண்மையை ஒப்புக்கொள்கிறார். திரைக்கதை சாவில் முடிகிறது. மறைக்கதை வாய்மையில் முடிகிறது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் செய்தியன்று. கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் சென்று படிக்கும் பெண்மக்கள் எத்தனையோ பேர். மறுத்த பெண்ணை நிறுத்தம்தோறும் பின்தொடர்வதே காதலின் வீரம் என்று ஒரு பையனுக்குத் திரை கற்பித்தால், அதன் விலையை அப்பெண் கொடுக்கிறாள். வீட்டார் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி அவள் வாய்திறவாமல் இருப்பாள். வணக்கம் என்று பெயர் சூட்டினாலும், ஒருவர் விரும்பாத அன்பைத் திணிப்பது கொடுமையே. அவளை வணங்குவதாகச் சொல்பவன் உண்மையில் வணங்குவது தன் விருப்பத்தைத்தான்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். பாட்டைக் கேட்ட பிள்ளையை அதட்டி வானொலியை அணைப்பதோடு கடமை முடிந்துவிடாது. ‘இபாதத்’ என்றால் என்ன, ‘ஆயத்’ என்றால் என்ன என்பதை வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னால் அச்சொல்லோடு நின்றுவிட வேண்டும் என்பதை மகனுக்கும், அவ்வாறு சொல்ல அஞ்ச வேண்டியதில்லை என்பதை மகளுக்கும் கற்பியுங்கள். பொருளறிந்து கேட்கும் பிள்ளைக்கு, அந்தச் சொற்கள் எங்கே உரியவை என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியிராது.