மறுப்பவரின் முறை

திருவண்ணாமலையில் நாங்கள் கூடிப் பேசும் சிறு இலக்கியக் கூட்டத்துக்கு ஒரே விதி: ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிடலாகாது. 2015 ஜனவரியில் அதை நாங்களே மீறினோம்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலை எதிர்த்துத் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்திருந்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய அமைதிப் பேச்சுக்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என அவர் அறிவித்தார். கார்த்திகைத் தீபத்தன்று அந்தியில் அர்த்தநாரீசுவரரைக் கணநேரம் காணும் ஊர் எங்களுடையது. அத்தலைப்பு எங்களுக்கு அந்நியமன்று. கொதித்துப் போயிருந்தோம்.

அன்று நாவலைக் கடுமையாக விமரிசிக்க எழுந்த நண்பரை, “இப்போது வேண்டாம்” என்று அமர்த்தினோம். அவர் தடை எதையும் கோரவில்லை.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சில் எட்டிய உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத நூலை வாசகர் படிக்காமல் விடலாம் என்றும் கூறியது. மகிழ்ந்தோம், கூடவே வெட்கமும் வந்தது. அதிகாரிகள் அமைதியின் பெயரால் செய்ததை நாங்கள் நட்பின் பெயரால் செய்திருந்தோம். வசையை மட்டுறுத்தலாம், மறுப்பை அல்ல.

அடுத்த கூட்டத்தில் முதலில் அந்த நண்பரையே பேச அழைத்தோம். அரைமணி நேரம் பேசினார். எங்களில் ஒருவரும் உடன்படவில்லை, ஒருவரும் குறுக்கிடவுமில்லை.