நடுவில் நிற்கும் இரும்பு

இலக்கியம் பேசக் கூடுகிற இடத்தில் இரும்புத் தகட்டையும் செப்புக் கம்பியையும் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அண்ணன் தம்பியாகிய நாங்கள் இருவரும் ஓராண்டுக்கு மேல் ஒரேயொரு பொருளைத் தேர்ந்தெடுப்பதில் செலவழித்தோம். ஒற்றை வால்வில் இயங்கும் சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றுக்கான அவுட்புட் டிரான்ஸ்பார்மர்தான் அந்தப் பொருள். தேடியது டிரான்ஸ்பார்மரை மட்டும்தானா என்பதில் எங்களுக்கே இப்போது ஐயம் உண்டு.

அப்பா 1968இல் ஐந்து வால்வு ரேடியோ ஒன்றைத் தவணையில் வாங்கினார். இலங்கை வானொலி எங்கள் வீட்டுக்குள் வந்தது அதன் வழியாகத்தான். 1979 கோடை விடுமுறையில் ஒரு பிற்பகல், ஸ்பீக்கரைத் திண்ணைவரை கொண்டுவரும் யோசனையில் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து அதன் கம்பி ஒன்றைக் கழற்றினோம். ரேடியோவை நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. நீளமான கம்பி தேடி நாங்கள் அலைந்துகொண்டிருந்தபோது கருகல் வாடை வந்தது. வால்வு ஒன்றின் உள்ளே மெல்லிய கம்பிச்சுருள் செக்கச்செவேல் என்று கனன்றது. அப்பா ஓடிவந்து அணைத்தார். பழுது பார்ப்பவர் "அவுட்புட் போயிடுச்சு" என்று சொல்லி ஒரு தொகை கேட்டார். அந்த மாதம் அது முடியவில்லை; பிந்தைய மாதங்களிலும் முடியவில்லை. ரேடியோ, சீப்பும் நாட்காட்டியும் வைக்கும் மேடையாயிற்று. கம்பியைக் கழற்றியது நாங்கள் என்பதைச் சொல்லவே இல்லை. அப்பாவும் கேட்கவில்லை.

அப்பா 2016இல் காலமானார். 2022இல் வீட்டை ஒழித்தபோதுதான் அந்தப் பெட்டியை மீண்டும் திறந்தோம். நாங்கள் கழற்றிய அதே முனையில் கம்பி முறுக்கப்பட்டு, துணி டேப் சுற்றப்பட்டிருந்தது. அது அப்பாவின் கைவேலை. சைக்கிள் விளக்குக் கம்பிக்கும் அவர் அப்படித்தான் சுற்றுவார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சட்டகம் துருவேறிப் போயிருந்தது. ஆறு அங்குல ஸ்பீக்கரும், ஈ.எல். 84 வால்வும் பிழைத்திருந்தன. அவற்றைக் கொண்டு அதே மரப்பெட்டிக்குள் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் கட்டுவது என்று முடிவு செய்தோம். எல்லாவற்றுக்கும் வழி கிடைத்தது. டிரான்ஸ்பார்மரில் வந்து நின்றோம்.

அதன் வேலையை மொழிபெயர்ப்போடு ஒப்பிடலாம். வால்வு உயர்ந்த மின்னழுத்தத்தில், மிகக் குறைந்த மின்னோட்டத்தில் பேசும். ஸ்பீக்கருக்குப் புரிவது நேர்மாறான மொழி. ஈ.எல். 84க்கு 250 வோல்ட் கொடுத்து 48 மில்லி ஆம்பியர் ஓடவிட்டால், எதிரே 5,200 ஓம் பளு இருக்க வேண்டும் என்கிறது அதன் குறிப்பேடு. அப்போது 5.7 வாட் வரை கிடைக்கும். எங்கள் ஸ்பீக்கரோ மீட்டரில் 3.2 ஓம் காட்டியது. ஒலிக்கும்போது எதிர்ப்பு அதைவிடச் சற்றுக் கூடும் என்பதால் 4 ஓம் எனக் கொண்டோம். 5,200ஐ 4ஆல் வகுத்தால் 1,300. அதன் வர்க்கமூலம் 36. டிரான்ஸ்பார்மரின் இருபுறச் சுற்றுகளும் இந்த விகிதத்தில் அமைய வேண்டும்.

இங்கேதான் எங்கள் கெட்டிக்காரத்தனம் வேலை செய்தது. 230 வோல்ட்டை 6 வோல்ட்டாக்கும் சாதாரண டிரான்ஸ்பார்மரின் விகிதம் 38. அதைத் திருப்பிப் போட்டால் 4 ஓம் ஸ்பீக்கர் வால்வுக்கு ஏறக்குறைய 5,900 ஓமாகத் தெரியும். போதுமான நெருக்கம். சென்னை ரிச்சி தெருவில் ஒன்றை வாங்கிவந்து பொருத்தினோம். குரல் வந்தது, குரலின் அடிப்பகுதி வரவில்லை. மிருதங்கத்தின் வலந்தலை கேட்டது, தொப்பி கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினால் கரகரத்தது.

டிரான்ஸ்பார்மர் கட்டித் தரும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கணக்கு சரிதான் தம்பி. இடைவெளி எங்கே?" என்றார். ஒற்றை வால்வில் இசையோடு அந்த 48 மில்லி ஆம்பியரும் ஒரே திசையில் ஓயாமல் ஓடுகிறது. அது இரும்பைக் காந்தமாக்கி நிரப்பிவிடுகிறது. நிரம்பிய இரும்பால் இசைக்கேற்ப ஏறி இறங்க முடியாது. வீட்டு மின்சார டிரான்ஸ்பார்மரில் ஈ வடிவத் தகடுகளையும் ஐ வடிவத் தகடுகளையும் மாற்றி மாற்றி, இடைவெளியே இல்லாமல் அடுக்குவார்கள். ஒற்றை வால்வுக்கு ஈ எல்லாம் ஒருபக்கம், ஐ எல்லாம் மறுபக்கம். நடுவில் ஒரு தாள். அந்தத் தாளின் கனமே இரும்புக்கு மூச்சுவிடும் இடம்.

நாங்கள் அவரிடம் பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்று புதிதாகக் கட்டித்தரச் சொன்னோம். அதற்குள் நிறையப் படித்திருந்தோம். 1947இல் வயர்லெஸ் வேர்ல்ட் இதழில் வில்லியம்சன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆம்ப்ளிஃபயருக்கு, டிரான்ஸ்பார்மரின் முதற்சுற்று 100 ஹென்றிக்குக் குறையக் கூடாது. ஆனால் அதில் இரண்டு வெளியீட்டு வால்வுகள் எதிரெதிராக இழுக்க, ஒருதிசை மின்னோட்டம் இரும்புக்குள் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும், இடைவெளி வேண்டியதில்லை. ஒற்றை வால்வில் இடைவெளி வைத்ததுமே ஹென்றி குறையும். ஈடுகட்ட இரும்பும் செம்பும் கூட வேண்டும். எங்களுக்கு 50 ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்க ஏறக்குறைய 15 ஹென்றி தேவைப்பட்டது. உச்ச ஒலிகள் மங்காமலிருக்க இருபுறச் சுற்றுகளையும் அடுக்கடுக்காக, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றினார் அவர். வந்தது ஒரு செங்கல் கனம்.

அளவுமானிகளின்படி அது எல்லாவகையிலும் உயர்ந்தது. ஆனால் ஆறு அங்குலக் காகிதக் கூம்பு, தனக்கு எட்டாத ஆழங்களில் துடிக்கத் தொடங்கியது. அந்தத் துடிப்பில் பாடகியின் குரல் நடுங்கியது. இத்தனை காலம் யாரும் கேட்டிராத 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் பின்னணியில் முனகியது. அம்மாவை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னோம். சற்றுநேரம் கேட்டுவிட்டு, "நல்லா கணீர்னு இருக்குடா. ஆனா அந்தப் பொட்டியில வந்த குரல் இது இல்ல" என்றாள்.

அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் பழைய ரேடியோவின் கருகிய டிரான்ஸ்பார்மரை எடுத்துப் பார்த்தோம். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியது. செலவைக் குறைத்தவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தோம். அது பாதி உண்மை. சிறிய இரும்பு அடியொலியை வடிகட்டியதால் கூம்பு தடுமாறவில்லை, இரைச்சலும் தணிந்தது. ஒவ்வொன்றின் போதாமையையும் மற்றொன்று அறிந்து வைத்திருந்தது. நடுவில் நிற்பவன் இருபுறமும் நிற்பவர்களின் திராணியை அறிந்திருக்க வேண்டும். தனியே எடுத்துச் சிறந்த டிரான்ஸ்பார்மர் என்று ஒன்று இல்லை. இந்த வால்வுக்கும் இந்த ஸ்பீக்கருக்கும் நடுவே பொருந்துவது என்ற ஒன்றுதான் உண்டு.

தோற்றுப்போன அந்த 6 வோல்ட் டிரான்ஸ்பார்மரையே மறுபடி முதியவரிடம் கொடுத்தோம். தகடுகளைப் பிரித்து, ஈயையும் ஐயையும் இருபுறமாக அடுக்கி, நடுவே ஒரு தாள் வைத்து இறுக்கிக் கொடுத்தார். சோதித்தபோது 5 ஹென்றியை ஒட்டி வந்தது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தானாகத் தணிந்தது. இப்போது அதுதான் அப்பாவின் பெட்டிக்குள் இருக்கிறது. அம்மா எதுவும் சொல்லவில்லை. மாலையில் தானாகவே போடச் சொல்கிறாள். செங்கல் கனமுள்ளது, பெரிய ஸ்பீக்கரோடு வேறோர் ஆம்ப்ளிஃபயருக்குப் போயிற்று.

இவற்றையெல்லாம் படித்த நாட்களில்தான் 1979இல் நடந்திருக்கக் கூடியதும் விளங்கிற்று. ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு பேசினால், பளு இல்லாத சுற்றில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, காப்பைத் துளைத்துக் கம்பியை அறுத்துவிடும். பிறகு ஆனோடுக்குப் போகவேண்டிய மின்னோட்டத்தை ஸ்கிரீன் கிரிட் தாங்கிக் கனலும். நாங்கள் பார்த்த சிவப்பு அது. கேட்பவர் இல்லாத பேச்சு, பேசுபவரையே எரித்தது.

கட்ட விரும்பும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். அணைத்த பிறகும் கெபாசிட்டர்களில் உயிர்பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வடித்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். ஸ்பீக்கர் முனைகளுக்குக் குறுக்கே 220 ஓம், 5 வாட் மின்தடை ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிடுங்கள். சில ரூபாய்தான் விலை. ஒலியில் எந்த மாற்றமும் தெரியாது. யாராவது சிறுவர்கள் கம்பியைக் கழற்றிவிட்டாலும் டிரான்ஸ்பார்மர் தப்பிக்க ஓரளவு வழி இருக்கும். எங்கள் பெட்டியில் அது, அப்பா சுற்றிய துணி டேப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. டேப்பை நாங்கள் பிரிக்கவில்லை.