எவாக்குவேஷன் காலத்துப் படங்கள்

1942-ஆம் வருஷம் ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பின் மீதும், மறுநாளே விசாகப்பட்டினம், காக்கிநாடா என்னும் துறைமுகங்களின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய சமாசாரம் எட்டியவுடன், அடுத்தது சென்னப்பட்டணம்தான் என்று நிச்சயித்துக்கொண்ட ஜனங்கள், சித்திரை பிறப்பதற்கு முன்பே கிடைத்த ரயிலில் ஏறிப் புறப்படலானார்கள். சர்க்கார் காரியாலயங்களே பல, கடலுக்கு எட்டாத ஊர்களுக்கு மாற்றப்பட்டன. அந்த ஜனப் பிரவாகத்தின் சிறு கிளையொன்று செங்கற்பட்டு வரையில் ரயிலிலும், அப்பால் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலுமாக எங்கள் உத்திரமேரூரை வந்தடைந்தது. அது என் தாயாரைப் பெற்ற பாட்டனாரின் குடும்பம். எங்கள் வீட்டில் அந்த வருஷத்திற்கு இன்றளவும் 'எவாக்குவேஷன் வருஷம்' என்றுதான் பெயர்.

புறப்படுவதற்கு முன் பாட்டனார், சிநேகிதர் ஒருவரிடம் பெட்டிக் காமிரா ஒன்றை இரவல் வாங்கி, குடும்பத்தை அழைத்துக்கொண்டு பட்டணத்தின் பிரசித்தமான இடங்களைச் சுற்றி வந்தாராம். "திரும்பி வரச்சே இதெல்லாம் இருக்குமோ இருக்காதோ, எல்லாரும் நில்லுங்கோ" என்று அவர் சொன்னதைப் பாட்டி பல முறை சொல்லக் கேட்டிருக்கிறேன். மூர் மார்க்கெட்டின் வாசலில், இடுப்பில் குழந்தையோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாட்டி நிற்கும் படம் ஒன்று. பாரிமுனையில் டிராம் வண்டியின் முன்னால் பெரிய மாமா அரை நிஜாருடன் விறைத்து நிற்க, பின்னணியில் உயர்நீதிமன்றத்தின் விளக்குக் கோபுரம் தெரியும் படம் மற்றொன்று.

அண்மையில் அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு பட்டணம் சென்று, அவை எடுக்கப்பட்ட இடங்களிலேயே நின்று கைப்பேசியில் புதிய படங்கள் எடுத்தேன். மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகி, அந்த இடத்தில் புறநகர் ரயில்களின் நிலையம் நிற்கிறது. டிராம் 1953-லேயே நின்றுபோயிற்று. மாமா நின்ற பாரிமுனையின் அருகே இப்போது பூமிக்கடியில் மெட்ரோ ரயில் ஓடுகிறது. கோபுரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆனால் அதன் விளக்கு 1977-இல் மெரினாவில் எழுந்த புதிய கலங்கரை விளக்கத்திற்குத் தன் வேலையை ஒப்படைத்துவிட்டது. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகத்தின் பக்கம் சில குண்டுகளைப் போட்டுச் சென்றதைத் தவிர, பாட்டனார் அஞ்சிய யுத்தம் இந்த நகரத்தை வந்து தொடவில்லை. அந்தப் பயத்துக்கு உண்மையில் பலியானவை, கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று மிருகக்காட்சிசாலையில் சுட்டுக் கொல்லப்பட்ட வாயில்லா ஜீவன்கள். அதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் வேதனைப்படுகிறது. மற்றபடி, படத்தில் உள்ளவற்றில் மறைந்தவை யாவும் சமாதான காலத்தில், நம் கண் முன்னாலேயே மறைந்தவை.

ஆனால் இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் வருத்தியது பட்டணத்தின் மாறுதலன்று. ஒன்றரை வருஷ காலம் அவர்களுக்கு நிழல் கொடுத்த உத்திரமேரூரின் படம் அந்த ஆல்பத்தில் ஒன்றுகூட இல்லை. பராந்தக சோழனின் 919, 921-ஆம் ஆண்டுகளின் குடவோலைச் சாஸனங்கள் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவரில் தொல்லியல் துறையின் காவலில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவில்லை. அந்தச் சுவருக்கு நாலு தெரு தள்ளி, அகதிகளாய் வந்தவர்கள் இராத்திரியில் யுத்தச் செய்தி பேசிக்கொண்டிருந்த நீண்ட திண்ணைகளும், நாட்டு ஓடு வேய்ந்த கூரைகளும், பாட்டி தண்ணீர் எடுத்த கிணறும் எங்கே போயினவென்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அழிந்துவிடுமென்று அஞ்சிய நகரத்தைத்தான் பாட்டனார் படமெடுத்தார். கிராமத்துக்கு யாரால் என்ன ஆபத்து வந்துவிடும் என்று நினைத்திருப்பார். அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும், நான் அறிந்த காலத்திலேயே எங்கள் தெருவில் ஒவ்வொரு திண்ணையாக இடிக்கப்பட்டு, கார் நிறுத்த இடமாகியிருக்கிறது.

ஆகையால் இப்போது எங்கள் தெருவில் எஞ்சியுள்ள ஓட்டு வீடுகளை, அவற்றில் வசிப்பவர்களையும் வாசலில் நிறுத்திவைத்தே படமெடுத்து வருகிறேன். வீட்டை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது என்றே சொல்கிறேன். பாட்டி நின்றிராவிட்டால் மூர் மார்க்கெட்டின் அந்த வாசல் எவ்வளவு உயரமென்று எனக்குத் தெரிந்திராது.