ஒளிராத குதிரை

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால், என் மொட்டைமாடித் தொலைநோக்கி திரும்புவது ஒரே திசைக்குத்தான். திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தெற்கே வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் கிழக்கோரத்தில் இருப்பது அல்நிடாக். அதிலிருந்து முழுநிலவின் அகலம் அளவுக்குத் தெற்கே குதிரைத்தலை நெபுலா இருக்கிறது. நள்ளிரவையொட்டி ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே வந்துவிடும். ஆனால் 80 மி.மீ. லென்ஸில் கண்ணை வைத்துப் பார்த்தால் அங்கே எதுவும் தெரியாது.

அந்தக் குதிரை ஒளிர்வதே இல்லை. அது குளிர்ந்த தூசும் வாயுவும் திரண்ட மேகம். அதற்குப் பின்னால் பரந்திருக்கும் ஹைட்ரஜன், அருகிலுள்ள சிக்மா ஓரியானிஸ் நட்சத்திரத்தின் புறஊதா ஒளி பட்டு, 656.3 நானோமீட்டர் அலைநீளச் சிவப்பில் மங்கலாக ஒளிர்கிறது. அந்தச் சிவப்பை மறைத்து நிற்பதால்தான் குதிரைக்கு உருவம். ஆக, குதிரையைப் பிடிக்க வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள ஒளியைத்தான் சேர்க்க வேண்டும்.

சேர்ப்பது சிறுவாடு பிடிப்பதைப் போன்ற வேலை. பூமி சுழலும் வேகத்துக்கு மோட்டார் தொலைநோக்கியைத் திருப்பிக்கொண்டே இருக்க, கேமரா சில நிமிடங்களுக்கு ஒரு படமாக எடுத்துத் தள்ளும். தெருவிளக்கு வெளிச்சத்தைத் தடுத்து அந்தச் சிவப்பை மட்டும் விடும் ஃபில்டர் போட்டாலும், தனிப் படத்தில் பெரும்பாலும் புள்ளி இரைச்சல்தான். கணினியில் அவற்றை அடுக்கும்போது கணக்கு நம் பக்கம் சாய்கிறது. படங்கள் நான்கு மடங்கானால் நெபுலாவின் ஒளியும் நான்கு மடங்காகும். இரைச்சலோ இரண்டு மடங்குதான் கூடும்.

இந்தக் குதிரையை முதலில் கண்டவர் வில்லியமினா ஃபிளெமிங். ஹார்வர்டு வான்காணக இயக்குநர் எட்வர்டு பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்து அந்த வான்காணகத்துக்கு வந்தவர். 1888இல் எடுத்த கண்ணாடித் தகடு ஒன்றில், ஒளிப்பரப்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருப்பதைக் கவனித்துக் குறித்தார். வானத்தில் இப்படிக் கருத்துக் கிடந்த இடங்களை வெறும் ஓட்டைகள் என்று பலர் நம்பிய காலம் அது. 1919இல் வானியலாளர் எட்வர்டு பர்னார்டு வெளியிட்ட, வானின் இருண்ட இடங்களின் பட்டியலில் குதிரைக்கு 33ஆம் எண் கிடைத்தது. இன்று நமக்குத் தெரியும்: நட்சத்திரங்கள் பிறப்பதே இத்தகைய இருண்ட மேகங்களில்தான்.

ஃபிளெமிங்கின் கண் எனக்குப் பெரிய பாடம். திரையில் வெறுமையாகத் தெரிகிறது என்பதற்காக எந்தப் படத்தையும் நான் ஒதுக்குவதில்லை. சுமார் 1,300 ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி அதிலும் கொஞ்சம் இருக்கும். அதையும் அடுக்கில் சேர்க்கிறேன்.